வீட்டில் இல்லாத வில் நடுக்கம் மேடையில் ஏன் வருகிறது?

கேள்வி (கார்வை_பிரியை):
கச்சேரிகளில் பக்கவாத்தியமாக வயலின் வாசிக்கிறேன். வீட்டில் எவ்வளவு நேரம் சாதகம் செய்தாலும் வில் சீராகவே போகிறது. மேடையில் பாடகர் ஆலாபனையில் தார ஷட்ஜத்தில் (மேல் ஸ்தாயி 'ஸ') நின்றுவிட்டு என் பக்கம் திரும்பினால் போதும், அந்த ஷட்ஜத்தை நான் பிடிக்கும்போது வில் தந்தியின்மேல் துள்ளுகிறது. கல்பனாஸ்வரம் (மேடையிலேயே கற்பனையாகக் கோத்து வாசிக்கும் ஸ்வரங்கள்) எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒன்றும் ஆவதில்லை! பயம் மணிக்கட்டுக்கு எப்படி இறங்குகிறது? "தைரியமாக இரு" என்று மட்டும் யாரும் எழுதவேண்டாம்; அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

மறுமொழி (உடலியல்_ஆசிரியர்):
நடுக்கம் எல்லோர் கையிலும் எப்போதும் உண்டு, நொடிக்குச் சுமார் 8 முதல் 12 முறை. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. பயந்தால் மூளையின் கட்டளையில் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. அது தசையிலுள்ள பீட்டா-2 ஏற்பிகளில் (அட்ரினலினின் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்) போய் ஒட்டியதும் அதே நடுக்கம் பெரிதாகிறது. கூடவே முழங்கையை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்கின்றன. கார்வையில், அதாவது ஒரே ஸ்வரத்தில் நீண்டு நிற்கும்போது, வில் மெதுவாக நகர்வதால் ஒவ்வொரு அதிர்வும் காதில் விழுகிறது. வேகத்தில் அதற்கு இடமில்லை.

மறுமொழி (தனி_ஆவர்த்தனம்):
மிருதங்கக்காரன் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நடுக்கம் வந்ததும் மணிக்கட்டையே கவனிப்பீர்கள், வில்லை இறுகப் பிடிப்பீர்கள். பழகிய கை தானாகச் செய்வதில் மூளை குறுக்கே புகுந்தால் காரியம் கெடும். கவனத்தைத் தம்புராவின் சுருதியில் வையுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே வில்லை இழுத்துப் பாருங்கள்.

கார்வை_பிரியை:
இறுகப் பிடிப்பது உண்மைதான். இதற்கு மாத்திரை உண்டு என்கிறார்களே? எனக்கு ஆஸ்துமா வேறு.

உடலியல்_ஆசிரியர்:
பீட்டா தடுப்பான்களைச் சொல்கிறார்கள்; அட்ரினலின் அந்த ஏற்பிகளில் ஒட்டாமல் தடுக்கும் மருந்துகள். 1977இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 24 தந்திவாத்தியக் கலைஞர்களுக்கு ஆக்ஸ்பிரினலால் என்ற இவ்வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மேடைப் பதற்றம் குறைந்தது. கை நடுக்கத்தைக் குறைப்பதால் துப்பாக்கி சுடும் போட்டியில் இவ்வகை மருந்துக்குத் தடையே உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு பிரோபிரனலால் சாப்பிட்டதற்காக இரண்டு பதக்கங்களை இழந்தார். ஆனால் இவை மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியவை. ஆஸ்துமா உள்ள நீங்கள் தோழி கொடுத்தார் என்று ஒன்றைக்கூட விழுங்காதீர்கள். இன்னொன்று: வீட்டில் அமைதியாக வாசிக்கும்போதும் ஏதாவது ஒரு விரல் தானாக மடங்கினால் அது பதற்றம் அல்ல என்று எண்ணி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கார்வை_பிரியை:
விரல்கள் சொன்னபடி கேட்கின்றன. அடுத்த கச்சேரியில் சுருதியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன்.