சிந்த்வேவுக்கு ‘முன்னெதிர்வு இசை’ எனலாமா?

நண்பர்களே,

எண்பதுகளின் மின்னிசையை நினைவூட்டும் இசைவகையான சிந்த்வேவுக்குத் தமிழ்ப்பெயராக வந்த ‘செயற்கை அலை’ என்ற முன்மொழிவு எனக்கு உறுத்துகிறது. சிந்தசைசர் மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் கருவி. ‘செயற்கை’ என்றால் அது மட்டமாகத் தொனிக்கிறது. ‘வேவ்’ என்பதற்கும் ஒலியலைக்கும் சம்பந்தம் குறைவு. எழுபதுகளின் கடைசியில் கிளம்பிய ‘நியூ வேவ்’ இசைப்போக்கின் சாயல் அது.

‘பழம்பாணி மின்னிசை’ என்ற மற்றொரு முன்மொழிவு பரவாயில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்கிறது: பழமை இருக்கிறது, எதிர்காலம் இல்லை.

1982இல் வந்த ரோலண்ட் ஜூனோ-60 என்ற சிந்தசைசரின் ஆர்பெஜியேட்டரைக் கேட்டிருப்பீர்கள். ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை, அழுத்திப் பிடித்தால் போதும். கருவியே அதன் சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, விரலை எடுக்கும்வரை ஒரே சீராக ஓடவிடும். கை அசையவில்லை, இசை மட்டும் விரைகிறது. வரப்போகும் காலம் இப்படித்தான் ஒலிக்கும் என்று அன்று தோன்றியிருக்கும்: இரவு நெடுஞ்சாலை, நியான் வெளிச்சம், மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. அந்தக் காலம் அப்படி வரவில்லை. இன்று சிந்த்வேவில் அந்த ஒலியைக் கேட்கும்போது மனம் ஏங்குவது 1982 எதிர்பார்த்திருந்த அந்த நாளைக்காகத்தான். அப்போது பிறந்தே இராதவர்களும் இதில் உருகுகிறார்களே!

சிந்த்வேவ் எண்பதுகளின் வெறும் நகலும் இல்லை. ஸ்னேர் டிரம்மின் எதிரொலி பெரிதாக எழுந்து, கத்தரித்ததுபோல் சட்டென்று நிற்பது எண்பதுகளின் ஸ்டுடியோ உத்தி. ஆனால் கிக் டிரம் விழும்போதெல்லாம் பின்னணி ஒலி பதுங்கி எழும்புவது பிற்காலத்து பிரெஞ்சு ஹவுஸ் என்ற நடன இசைவகையின் பழக்கம். இந்தப் போக்கே 2000களில்தான், கவின்ஸ்கி போன்ற பிரெஞ்சுக் கலைஞர்களிடம் உருப்பெற்றது.

என் பரிந்துரை ‘முன்னெதிர்வு’, அதாவது முன்பு எதிர்பார்த்த எதிர்காலம். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று தொல்காப்பியம் காலத்தைப் பகுக்கும்போது எதிர்காலத்துக்கு ஆளும் சொல் ‘எதிர்வு’. ‘முன்’ நமக்கு இரண்டு பக்கமும் பார்க்கும் சொல்: முன்னாள் என்றால் கழிந்தது, முன்னேறு என்றால் இனிப் போகவேண்டியது. முதலில் ‘தொல்லெதிர்வு’ என்று யோசித்தேன். தொல்லியல், தொல்லுயிர் எல்லாம் நினைவுக்கு வந்து, நாற்பது ஆண்டுப் பழமைக்கு அது பாரமாகிவிட்டது.

பழைய காலம் கற்பனை செய்த எதிர்காலத்தை மீட்டுக் காட்டும் ரெட்ரோ-ஃபியூச்சரிசத்தை ‘முன்னெதிர்வியம்’ எனலாம். இசையை மட்டும் ‘முன்னெதிர்வு இசை’ என்று பிரித்தே எழுதுவோம். சேர்த்தால் கண் ‘விசை’ என்று படிக்கும்.

அப்புறம், ஆர்பெஜியேட்டருக்கு ‘சுரம்பிரிப்பி’ என்று எழுதிப் பார்த்தேன். பிரிப்பது அதில் இருக்கிறது, ஓடவிடுவது இல்லை. உங்களுக்கு வேறு சொல் ஏதும் தோன்றுகிறதா?