மார்கழிக் காலையில் சிலிண்டரில் பனி பிடித்து ஓவன் நின்றுபோகிறது: கேஸ் குறைவா, லைன் கோளாறா?

கணபதி ஓவன்:

வணக்கமுங்க. கோவை கணபதிப் பக்கம் பம்ப் மோட்டார் பாடிக்குப் பவுடர் கோட்டிங் பண்ற யூனிட். ஓவன் பர்னர் மணிக்கு 1,50,000 கிலோ கலோரி. 19 கிலோ சிலிண்டர் 8+8 மேனிஃபோல்டு (பல சிலிண்டரை ஒரே லைன்ல சேக்கற அமைப்பு), ஒரு பக்கம் ஓடும், மறு பக்கம் ரிசர்வ். மேல ஆவியா கேஸ் வர்ற சாதா வேப்பர் சிலிண்டர்தான், வேப்பரைசர் (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கற கருவி) கிடையாது.

சிலிண்டர் மாத்துன முதல் நாள் ஒரு தொந்தரவும் இல்லைங்க. மூணாம் நாள் காலை 7 மணிக்குப் பத்த வெச்சா அரை மணி நேரத்துல லைன் பிரஷர் (சதுர செ.மீ.க்கு) 4 கிலோவிலிருந்து 1 கிலோவுக்குக் கீழே வந்துருது. பர்னர் லோ பிரஷர்ல டிரிப் ஆகுது. சிலிண்டர் அடியில வெள்ளையாப் பனி. காலின்னு கழட்டி எடை போட்டா, காலி எடைக்கு மேல 4 கிலோ நிக்குது. 8 சிலிண்டருக்கு 32 கிலோ கேஸ் திரும்பப் போகுது. மதியம் அதே சிலிண்டர் ஒழுங்கா எரியுது.

கேஸ்ல கலப்படமா? ரெகுலேட்டர் சின்னதா? வேலையாள் வெந்நீர் ஊத்துறார், ஊத்துனா ஏறுது. அது சரியா? இல்லை, புல்லட்டுக்கே (பெரிய நிலையான கேஸ் தொட்டி) போயிரலாமா?

கேஸ்லைன் சூலூர்:

வெந்நீரை இன்றோடு நிறுத்துங்க. மற்றதெல்லாம் அப்புறம்.

கேஸில் கலப்படம் இல்லைங்க, ரெகுலேட்டரும் காரணம் இல்லை. உங்க சிலிண்டருக்கு வெப்பம் பத்தவில்லை. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்து ஆவியானால்தான் மேல் வால்வில் கேஸ் வரும். ஒரு கிலோ ஆவியாக 90 கிலோ கலோரி அளவுக்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்து இரும்பு வழியாக உள்ளே போக வேண்டும். காற்று கொடுப்பதைவிட வேகமாக நீங்க கேஸ் இழுத்தால், திரவம் தன் சூட்டையே செலவழித்துக் குளிர்ந்துபோகும். வெளியே பனி பிடிப்பது அதனால்தான். பனி எந்த உயரம் வரை நிற்கிறதோ, உள்ளே திரவமும் அந்த உயரம்தான். கேஜ் இல்லாமலேயே அளவு தெரிந்துவிடும்.

உங்க கணக்கு: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் 10,900 கிலோ கலோரி. 1,50,000ஐ அதால் வகுத்தால், முழுத் தீயில் மணிக்கு 14 கிலோ. ஒரு 19 கிலோ சிலிண்டரை நம்பித் தொடர்ந்து எடுக்கக்கூடியது மணிக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரைதான். 8 சிலிண்டருக்கு 4லிருந்து 6 கிலோ. பாதிகூட இல்லை.

அப்புறம் முதல் நாள் எப்படி ஓடுச்சுன்னு கேப்பீங்க. முழுச் சிலிண்டரில் 19 கிலோ திரவமும் ஏறக்குறைய அதே எடைக்கு இரும்பும் இருக்கு. அது 20 டிகிரியிலிருந்து 0 வரை குளிர்வதற்குள், காற்றிலிருந்து ஒன்றும் வராவிட்டாலும், சுமார் 3 கிலோவைத் தன் சொந்தச் சூட்டில் ஆவியாக்கித் தந்துவிடும். கால்வாசி இருக்கும்போது அந்தக் கையிருப்பு ஒரு கிலோ அளவுதான். அதோடு திரவம் இறங்க இறங்க, அது தொடும் இரும்பின் பரப்பும் குறைகிறது. அதனால்தான் மூணாம் நாள் அரை மணி நேரத்தில் படுத்துக்கொள்கிறது.

மிஞ்சும் 4 கிலோ பற்றி. நம்ம ஊர்ச் சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது (இந்தியத் தரம் ஐ.எஸ். 4576). புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேன் மைனஸ் 0.5ல். அதனால் மேலே முதலில் போவது பெரும்பாலும் புரொப்பேன். அடியில் தங்குவதில் பியூட்டேன் பங்கு கூடிக்கொண்டே போகும். 20 டிகிரியில் புரொப்பேனுக்கு 7 கிலோவுக்கு மேல் பிரஷர், பியூட்டேனுக்கு 1 கிலோ சொச்சம். 0 டிகிரியில் பியூட்டேனுக்குக் கேஜில் ஏறக்குறைய பூஜ்யம். பனி பிடித்த சிலிண்டரில் 4 கிலோ இருந்தும் வெளியே வர முடியாமல் கிடப்பது அதுதான். மதியம் வெயிலில் சூடேறியதும் தானாக வருகிறது. சப்ளைக்காரர் மேல் சந்தேகமே வேண்டாங்க.

ஈரோட்டு ஃபிட்டர்:

சூலூர் அண்ணன் சொன்ன கணக்கு சரிங்க. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். பல இடத்துல கடைசி கேஸை எடுக்கறதுக்குச் சிலிண்டரைப் படுக்க வெப்பாங்க, சில பேர் தலைகீழாவே கவுத்துவாங்க. அப்பப் போறது ஆவி இல்லை, திரவம். ரெகுலேட்டரைத் தாண்டி லைன்ல விரியும்போது ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் ஆவியாகுது. பர்னர்ல தீ ரெண்டு மூணு அடிக்குச் சீறும், ரெகுலேட்டருக்குள்ள இருக்கற டயஃப்ரம் (சவ்வு) போயிரும். வெந்நீரை விட இது மோசம். உங்க ஆளுக்கு ரெண்டையும் சேத்துச் சொல்லிருங்க.

கேள்வி ஒண்ணு: குழாய்த் தண்ணி ஊத்தலாமா? பல யூனிட்ல ஈரச் சாக்கு போத்தி வெக்கறாங்க.

கேஸ்லைன் சூலூர்:

குழாய்த் தண்ணீரால் வெடிக்காது. ஆனா இரும்பு 0க்குக் கீழே போயிருந்தால், ஊற்றிய தண்ணீர் அதன் மேலேயே ஐஸாகி ஒட்டிக்கொள்ளும். அதுக்கப்புறம் காற்றின் வெப்பமும் உள்ளே போகாது. ஈரச் சாக்கு போட்டால் இன்னும் மோசம். தினமும் ஊற்றினால் அடி வளையம் துருப்பிடிக்கும்.

வெந்நீர் ஏன் ஆகாது என்றால், சூடானால் எல்.பி.ஜி. திரவம் தண்ணீரைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரியும். மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்புவது அதற்காகத்தான். காலி என்று நினைத்து ஊற்றும் ஆள், ஒரு நாள் ரிசர்வ் பக்கத்து முழுச் சிலிண்டரிலும் ஊற்றுவார். எது எந்தச் சூட்டுக்குப் போனது என்று பார்க்க அங்கே கருவி எதுவும் இல்லை.

கைச்செலவு இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது: காலையில் சூடேற்றும் முதல் ஒரு மணி நேரத்துக்கு முழுச் சிலிண்டர் பக்கத்தைத் திறங்க. ஓவன் சூடேறி பர்னர் தணிந்த பிறகு, மதியம் 12 மணிக்கு மேல், பாதி தீர்ந்த பக்கத்துக்கு மாத்துங்க. 32 கிலோவில் பெரும் பங்கு திரும்பக் கிடைக்கும். ஆட்டோ சேஞ்ச் ஓவர் (ஒரு பக்கம் தீர்ந்தால் தானாக மறு பக்கத்துக்கு மாத்தும் கருவி) இருந்தாலும் கையால்தான் மாத்தணும். அது பிரஷரை மட்டும்தான் பார்க்கும், மணியைப் பார்க்காது.

ஷெட்டையும் பாருங்க. குளிர்காற்று படக்கூடாதுன்னு நாலு பக்கமும் தகரம் அடிச்சிருந்தா கழட்டிருங்க. காற்றோட்டம் இருந்தால்தான் சிலிண்டருக்கு வெப்பம் வரும். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். தரையை ஒட்டித் திறப்பு இருந்தே ஆகணும்.

கணபதி ஓவன்:

நல்லாப் புரிஞ்சதுங்ணா. ஷெட்ல மூணு பக்கம் தகரம் இருக்கு, கழட்டிர்றோம். இப்ப நிரந்தரமா என்ன பண்றது? 20+20 சிலிண்டர் போடலாமா, புல்லட்டா? ஓவன் எட்டு மணி நேரம் ஓடும், சூடேறின பின்னாடி பர்னர் பாதிக்குத்தான் எரியும்.

நாமக்கல் வண்டி:

புல்லட் பத்தி நான் சொல்றேங்க. உங்க செலவு நாளைக்கு 60 கிலோ, மாசம் ஒன்றரை டன். 10,000 லிட்டர் புல்லட் எடுத்தீங்கன்னா 85 சதவீதத்துக்கு மேல நிரப்பக் கூடாது, அடர்த்தி 0.54 வெச்சா 4.6 டன். மூணு மாசத்துக்கு ஒருக்கா லோடு. நாமக்கல்லிலிருந்து ஓடும் பெரிய புல்லட் வண்டி 18 டன், அதாவது 33,000 லிட்டர் சொச்சம். கொச்சி, மங்களூர்ல ஏத்தி பாட்லிங் பிளாண்ட்டுக்குப் போறது. உங்க இடத்துக்குச் சின்ன வண்டிதான் ஆகும், அதுவும் திரும்ப இடம் வேணும். புல்லட் வாங்கறதுக்கு முன்னாடி, எந்த வண்டி வரும்னு கம்பெனில எழுதி வாங்கிருங்க.

இறக்குற முறையையும் தெரிஞ்சுக்குங்க. இன்ஜின் ஆஃப், பேட்டரி கட், சக்கரக் கட்டை, எர்த் கிளிப். அதுக்கப்புறம்தான் ஹோஸ். திரவ லைன் ஒண்ணு, ஆவி லைன் ஒண்ணு. கம்ப்ரசர் உங்க புல்லட்டோட மேல் ஆவியை உறிஞ்சி வண்டித் தொட்டிக்குள்ள அழுத்தும். அந்த அழுத்தத்துல திரவம் இந்தப் பக்கம் வரும். திரவம் தீர்ந்ததும் வால்வைத் திருப்பி, வண்டியில மிச்சம் நிக்கற ஆவியை உங்க பக்கம் இழுக்கணும். அதை விட்டுட்டா அதுவும் எடைதான், காசுதான்.

புது இடத்துல அடிக்கடி வர்ற பிரச்சனை: வால்வைச் சட்டுனு முழுசாத் திறப்பாங்க, ஒரு டக் சத்தம், ஓட்டம் நின்னுரும். அடைப்புன்னு நினைச்சு ஹோஸைக் கழட்டப் போவாங்க. அது எக்ஸஸ் ஃப்ளோ வால்வ். ஹோஸ் அறுந்தா மூடிக்கறதுக்குன்னு வெச்சது, வேகமாத் திறந்தாலும் மூடிக்கும். வால்வை மூடிட்டு, ரெண்டு பக்கப் பிரஷரும் சமமாகிற வரைக்கும் பொறுத்து, மெதுவாத் திறந்தாப் போதும்.

இடம் எங்கேங்கறதும் முக்கியம். 2025 ஜனவரி 3ல அவினாசி ரோடு மேம்பாலத்துல கொச்சியிலிருந்து வந்த 18 டன் வண்டி கவிழ்ந்து கேஸ் கசிஞ்சப்போ, சுத்து வட்டாரப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டாங்க. கசியுற கேஸ் பள்ளத்தைத் தேடிப் போகும். சாக்கடை, கிணறு, கேபிள் பள்ளம் எதுவும் புல்லட் பக்கத்துல இருக்கக் கூடாது. உங்க செலவுக்குப் புல்லட் அவசியமே இல்லைன்னுதான் எனக்குப் படுது.

கேஸ்லைன் சூலூர்:

நாமக்கல் அண்ணன் சொன்னதே என் கருத்தும். 20+20ம் வேண்டாம், 760 கிலோவை ஷெட்டில் வைத்து எடுக்கறது வீண். எல்.ஓ.டி. (லிக்விட் ஆஃப் டேக்) சிலிண்டருக்கு மாறுங்க. உள்ளே அடி வரை ஒரு குழாய் போகும், வால்வில் திரவமே வரும். ஆவியாக்கும் வேலை வேப்பரைசருக்கு. அதனால் புரொப்பேன் முதலில், பியூட்டேன் கடைசியில் என்ற பிரிவினையும் இல்லை, பனியும் இல்லை. 4+4 போதும். உங்க 14 கிலோவை ஆவியாக்க வேண்டியது 1.5 கிலோவாட், சூடாக்கவும் சேர்த்து 2 கிலோவாட் என்று வைங்க. அடுத்த பர்னருக்கும் இடம் விட்டு 30 அல்லது 50 கிலோ திறனில் தண்ணீர்த் தொட்டி வகை எலெக்ட்ரிக் வேப்பரைசர் எடுத்தால் போதும்.

கவனிக்க வேண்டிய இடங்கள் இருக்கு. கரண்ட் போனால் தண்ணீர் ஆறும், திரவம் அப்படியே பர்னர் பக்கம் தாண்டும். வெப்பம் குறைந்தால் மூடும் சோலினாய்டும் (மின்சார வால்வ்), திரவம் ஏறினால் மூடும் மிதவையும் இல்லாத வேப்பரைசரை வாங்காதீங்க. சிலிண்டருக்கும் வேப்பரைசருக்கும் நடுவில் இரண்டு வால்வை மூடினால் திரவம் சிக்கிக்கொள்ளும். வெயில் ஏறினால் பைப்பே கிழியும். அப்படிச் சிக்கக்கூடிய ஒவ்வொரு துண்டிலும் ஒரு ரிலீஃப் வால்வ் வேணும், அதன் வாய் ஷெட்டுக்கு வெளியே மேலே பார்க்கணும். பழைய வேப்பர் பிக்டெயிலை (சிலிண்டரை லைனோடு இணைக்கும் குழாய்) இதில் மாட்ட முடியாது. வால்வ் வேற, அதற்கான அடாப்டர் வேற.

அடுத்தது லைன். வேப்பரைசரிலிருந்து ஓவன் வரை 30, 40 மீட்டர் இருந்தால், அதே பிரஷரில் கொண்டுபோகாதீங்க. மார்கழிக் குளிரில் பியூட்டேன் பைப்புக்குள்ளேயே திரும்பத் திரவமாகும். வேப்பரைசரை ஒட்டியே 1 கிலோவுக்குக் கீழே இறக்கிவிட்டு அனுப்புங்க.

உரிமம்: சிலிண்டரில் மொத்தம் 100 கிலோ எல்.பி.ஜி. வரைதான் உரிமம் இல்லாமல் வைக்கலாம் (வாயு உருளை விதிகள், 2016). இப்ப உங்ககிட்ட இருப்பது 304 கிலோ. 4+4லும் 152 கிலோ. உரிமம் கையில் இருக்கான்னு முதலில் பாருங்க. மேனிஃபோல்டு அமைப்புக்கு ஓ.ஐ.எஸ்.டி. (எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம்) 162 தரத்தைக் காட்டிக் கொட்டேஷன் கேளுங்க. அதைப் பற்றித் தெரியாத ஃபிட்டரிடம் வேலையைக் கொடுக்காதீங்க.

பைப்கேஸ் பீளமேடு:

சிட்டி கேஸ் லைன் (குழாயில் வரும் இயற்கை எரிவாயு) உங்க தெருவுக்கு வந்துட்டா இது எதுவுமே வேண்டியதில்லை. ஆனா பர்னர் ஜெட் மாத்தணும். ஒரு கன மீட்டரில் எல்.பி.ஜி. ஆவிக்கு இருக்கும் கலோரியில் இயற்கை எரிவாயுவுக்குப் பாதிகூட இல்லை. அது காற்றைவிட இலேசு, அதனால் கேஸ் கசிவு டிடெக்டரைத் தரையிலிருந்து கழட்டி மேலே மாட்டணும்.

கணபதி ஓவன்:

இன்னைக்குத் தகரத்தைக் கழட்டி, முழுச் சிலிண்டர்ல ஆரம்பிச்சு மதியம் மாத்தினோம். டிரிப் ஆகலைங்க. வெந்நீர் நிறுத்தியாச்சு. உரிமப் பேப்பரைத் தேடிட்டிருக்கோம். வேப்பரைசர்ல எண்ணெய் மாதிரி கசடு சேரும்னு ஒருத்தர் சொல்றாரே?

கேஸ்லைன் சூலூர்:

சேருங்க. ஆவியாகாத கனமான பகுதி அடியில் தங்கும். வேப்பர் சிலிண்டரில் அது சிலிண்டரோடயே திரும்பிப் போயிரும், எல்.ஓ.டி.யில் உங்ககிட்ட வந்துரும். அடி டிரெயினில் மாசம் ஒரு தடவை எடுங்க. சிலிண்டர் வால்வை மூடி, லைனில் இருப்பதைப் பர்னரில் எரித்துத் தீர்த்துப் பிரஷர் இறங்கிய பிறகுதான் டிரெயினைத் திறக்கணும், அதுவும் ஓவன் அணைந்திருக்கும்போது. வர்றது கறுப்பாப் பிசுபிசுன்னு நாத்தத்தோட இருக்கும். மூடியுள்ள தகர டப்பாவில் பிடிச்சுத் திறந்தவெளியில் தள்ளி வைங்க, சாக்கடையில் ஊத்தாதீங்க. கரைஞ்சிருக்கும் கேஸ் அதிலிருந்து இன்னும் வந்துகிட்டே இருக்கும்.