வாய்க்கால் விராலில் பூச்சிமருந்துத் தடயம்: எதை அளப்பது?

வயலோரம்:
வணக்கம். பினாங்கில் உயிரியல் இறுதியாண்டு படிக்கிறேன். வீடு கெப்பாலா பத்தாஸ் பக்கம். சுற்றிலும் நெல் வயல். மருந்தடித்த பிறகு வாய்க்கால் விராலுக்கு நஞ்சு ஏறியிருக்கிறதா என்று ஆராய வேண்டும். தண்ணீரைச் சோதித்தால் போதாதா?

தூண்டில்காரன்:
எதற்குச் சிரமம் தம்பி? மருந்தடித்த மறுநாள் மிதப்பதை அள்ளிக்கொண்டு போங்கள். புண் ஆற விரால் சூப் கொடுப்பார்களே, அப்படி அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்கு மட்டும் அதில் சூப் வைத்துவிடாதீர்கள்.

பழைய ஆய்வகத்துக்காரி:
செத்த மீன் ஆகாது. நாம் அளக்கப்போகும் மூளை நொதி அழுகலால் குறைந்ததா, நஞ்சாலா என்று யாராலும் பிரிக்க முடியாது. விரால் காற்றைக் குடிக்கிற மீன். ஈரச் சாக்கில் சுற்றினாலே ஆய்வகம் வரை உயிரோடு வந்துவிடும். மூளையை எடுத்த கையோடு பனிக்கட்டியில் வையுங்கள்.

அளக்க வேண்டியது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். நரம்பு அனுப்பிய செய்தியை முடித்துவைக்கும் நொதி அது. மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகள், கார்பமேட்டுகள் ஆகிய இருவகைப் பூச்சிமருந்துகளும் அதைத்தான் முடக்குகின்றன. 1961இல் எல்மன் தந்த முறையே இன்றும் நடப்பில் இருக்கிறது: நொதி வேலை செய்யச் செய்ய மஞ்சள் நிறம் ஏறும் வேகத்தை 412 நானோமீட்டர் ஒளியில் பார்ப்பது. முடங்கிய மூளையில் மஞ்சள் சோம்பலாக ஏறும்.

தண்ணீரில் போன மருந்து போனதுதான். ஆர்கனோபாஸ்பேட் முடக்கிய நொதியோ மீனின் மூளையில் தேறி வர வாரக்கணக்காகும். கார்பமேட் என்றால் விரைவில் விட்டுவிடும். அன்றைக்கே பிடிக்காவிட்டால் தடயம் நழுவிவிடும்.

ஒப்பிடுவதற்கு மருந்து படாத இடத்து விராலே வேண்டும், அதே பருமனில். சந்தைத் திலாப்பியாவை வைத்து ஒப்பிட்ட அறிக்கையைக் கொண்டுவந்தால் நான் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவேன்.

வயலோரம்:
நன்றி அக்கா. பக்கத்து வயல்காரரிடம் கேட்டேன், சைபர்மெத்ரின் அடிக்கிறாராம்.

பழைய ஆய்வகத்துக்காரி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அது பைரித்ராய்டு. நரம்பின் சோடியம் வாயில்களைப் பிடிக்கும் வகை. மீனுக்கு மகா கொடியது. மீன் துடித்துச் செத்தாலும் இந்த நொதி பெரிதாக அசையாமல் இருக்கலாம். அப்போது ஈரலில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் காட்டும் கேட்டலேஸ், மலோன்டையால்டிஹைடு அளவுகளைப் பார்ப்பார்கள். ஆனால் அவை வெயிலுக்கும் ஆக்சிஜன் குறைவுக்கும் கூட ஏறி இறங்கும். அவற்றை மட்டும் வைத்து மருந்தின் மேல் பழி போட முடியாது. திசுவிலேயே சைபர்மெத்ரினைத் தேட, கலவையைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவி (gas chromatograph) உங்கள் துறையில் இருக்கிறதா? மலேசியாவில் 2023 மே 1 முதல் விவசாயத்தில் குளோர்பைரிபாஸ் என்ற ஆர்கனோபாஸ்பேட்டுக்குத் தடை. எனவே வாய்க்காலின் மேல்பக்கம் உள்ளவர்கள் இப்போது எதை அடிக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

வயலோரம்:
கருவி இருக்கிறது, வரிசைதான் நீளம். மேல்பக்கத்தாரை இந்த வாரமே பார்க்கிறேன்.