அக்கா மகள் பைலட் தேர்வில் மூன்றாவது முறையும் திரும்பிவிட்டாள். இன்னும் 18 லட்சம் கடன் வாங்கலாமா?

திருமங்கலத்தான்:
அக்கா மகளுக்காகக் கேட்கிறேன். வயது 24. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. விதிப்படி 200 மணி நேரம் பறந்து முடித்தவள். டிஜிசிஏ (மத்திய அரசின் விமானத் துறை இயக்குநரகம்) வைக்கும் பேப்பர் எல்லாவற்றையும் 70 மார்க் தாண்டிப் பாஸ் செய்தாள். வங்கியில் 40 லட்சம் கடன் இருக்கிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் சொத்து ஈடு கேட்பார்கள் இல்லையா, அதற்குக் கப்பலூர் பக்கம் இருக்கும் என் ஒன்றரை ஏக்கர் பத்திரம்தான் போனது. தாய்மாமன் சீராக இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

மூன்று கம்பெனிகள் கூப்பிட்டன. ஒன்றில் எழுத்துத் தேர்வோடு சரி. இன்னொன்றில் நேர்காணல் வரை. போன மாதம் சிமுலேட்டர் (விமானம் போலவே இயங்கும் பயிற்சிக் கருவி) வரை போய்த் திரும்பினாள். காரணம் யாரும் சொல்வதில்லை, வருந்துகிறோம் என்று இரண்டு வரி மெயில், அவ்வளவுதான். இப்போது ஒரு ஏஜென்ட், ஏர்பஸ் 320க்கு டைப் ரேட்டிங் (அந்த ஒரு ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) முடித்து வைத்துக்கொள்ளுங்கள், உடனே எடுத்துவிடுவார்கள் என்கிறார். அதற்கு 18 லட்சம். எனக்கென்னவோ இந்தத் தேர்வே நுனிநாக்கில் இங்கிலீஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்காக வைத்ததாகத் தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வட்டிக்கணக்கு:
அண்ணே, முதலில் அந்த ஏஜென்டிடம் ஒன்று கேளுங்கள். "உடனே எடுப்பார்கள்" என்பதை எழுதித் தருவாரா? தர மாட்டார்.

40 லட்சத்துக்கு 11 சதவீதம் என்று வைத்தாலும் வட்டி மட்டும் மாதம் 36,000 தாண்டும். இது வேலை கிடைக்கும் வரை சும்மா ஓடும் மீட்டர். வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை (கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதி) வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனைக்கும் வருடா வருடம் போக வேண்டும். இதற்கு மேல் 18 லட்சமா?

பேப்பரில் பைலட் பற்றாக்குறை என்று வருவதை நம்பி இறங்காதீர்கள். 2023இல் ஒரு கம்பெனி 500, இன்னொன்று 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்ததும் ஊரெல்லாம் பயிற்சிப் பள்ளி விளம்பரம். அந்த விமானங்கள் பல வருடங்களில் வந்து சேர வேண்டியவை. 2012இல் கிங்ஃபிஷர், 2019இல் ஜெட், 2023இல் கோ ஃபர்ஸ்ட் நின்றன. ஒவ்வொரு முறையும் டைப் ரேட்டிங்கும் அனுபவமும் உள்ள ஆட்கள் உங்கள் பிள்ளை நிற்கும் அதே வரிசையில் முன்னால் வந்து நின்றார்கள்.

வலதுசீட்:
நான் அவனியாபுரம். மொட்டை மாடியில் நின்று பெருங்குடியில் விமானம் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன். இப்போது ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட்.

வட்டிக்கணக்கு சொன்ன பற்றாக்குறை விஷயம் சரிதான், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பற்றாக்குறை பெரும்பாலும் கேப்டனுக்கு. கேப்டனாக ஏடிபிஎல் என்ற மேல்நிலை லைசென்ஸ் வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம் வேண்டும். 200 மணி நேரத்தோடு நிற்கும் பிள்ளைகள் வரிசையில் தாராளமாக இருக்கிறார்கள்.

ஆனால் சார், தேர்வு இங்கிலீஷ்காரர்களுக்கானது என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். என் நேர்காணலில் கேட்ட முதல் கேள்வி, "மதுரையா? மே மாதம் மதியம் இரண்டு மணி, 40 டிகிரி. உன் விமானத்துக்கு என்ன ஆகும்?" மனப்பாடம் செய்தவன் டென்சிட்டி ஆல்டிட்யூட் (காற்றின் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் உயரம்) கூடும் என்று சொல்லி நிறுத்திக்கொள்வான். அவர்கள் விடவில்லை, எவ்வளவு கூடும் என்றார்கள். நம்ம ஏர்போர்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 அடி. அந்த உயரத்தில் கணக்குப்படி 14 டிகிரிதான் இருக்க வேண்டும். 26 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி போட்டால் 3,100க்குக் கொஞ்சம் மேல். ஆக, சக்கரம் பெருங்குடி மண்ணில் நிற்கிறது, இறக்கையும் இன்ஜினும் ஏறக்குறைய 3,600 அடி உயரத்துக் காற்றில் வேலை செய்கின்றன. ஓடுபாதை 7,500 அடிதான், அப்போ எடையை என்ன செய்வாய் என்று அடுத்த கேள்வி. தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். இலக்கணத்தை யாரும் திருத்தவில்லை.

மாட்டுத்தாவணி:
வலதுசீட் தம்பி, உங்கள் கதை நன்றாக இருக்கிறது. ஜெயித்தவன் சொல்லும் கதை எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

என் கேள்வி வேறு. உங்கள் ஊர் ஜல்லிக்கட்டில் காளைக்கும் மாடுபிடிக்கிறவருக்கும் டாக்டர் பரிசோதனை எப்போது? வாடிவாசலுக்கு முன்னால். இங்கே என்ன நடக்கிறது? முதலில் அரைக்கோடி செலவழி, 200 மணி நேரம் பற, அதற்குப் பிறகு வா, உனக்குத் தகுதி இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்க்கிறோம். கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க முடிகிறதா என்று சோதிக்கிறார்களே, அதைப் பதினெட்டு வயதிலேயே சோதித்திருக்கலாமே? யாருடைய நிலம் போகிறது, அவர்களுக்கு என்ன?

வலதுசீட்:
கேடட் திட்டம் அப்படித்தானே அண்ணே? கம்பெனியே முதலில் தேர்வு வைத்து, அப்புறம் பயிற்சிக்கு அனுப்புகிறது. ரேபரேலி பக்கம் ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் மத்திய அரசு அகாடமியும் நுழைவுத் தேர்வு வைத்துத்தான் எடுக்கிறது.

மாட்டுத்தாவணி:
கேடட் திட்டத்துக்கு ஆகும் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி. ஒரு கோடி சொல்கிறார்கள். அரசு அகாடமியில் சீட் எத்தனை? உசிலம்பட்டியிலிருந்து எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியும்? வழி இருக்கிறது என்பது ஒன்று, அது நம் கண்ணில் படுவது இன்னொன்று.

திருமங்கலத்தான்:
சண்டை வேண்டாம். நேற்று இரவு அவளிடம் உட்கார்ந்து பேசினேன், இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

சிமுலேட்டரில் இரண்டு இரண்டு பேராக விடுவார்களாம். ஒருவர் ஓட்ட, மற்றவர் கண்காணிக்க வேண்டும். இவளோடு வந்த பையனின் அப்பா ரிட்டயர்டு கேப்டன். காத்திருக்கும் அறையிலேயே இவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறான். அவன் ஓட்டும்போது 180 நாட் வேகத்தில் (நாட் என்பது விமான வேகத்தின் அளவு) 4,000 அடி உயரத்தைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவன் உயரத்திலேயே குறியாக இருந்தான், வேகம் 170, 165 என்று இறங்கியது. இவள் பார்த்துவிட்டாள். "ஸ்பீட்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. மூன்று நான்கு விநாடி கழித்து அவனே கவனித்துச் சரிசெய்துவிட்டான். ஏன்டி சொல்லவில்லை என்றேன். "அவன் எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசினான் மாமா, குறுக்கே எப்படிச் சொல்வது என்று இருந்தது" என்கிறாள்.

வலதுசீட்:
சார், அங்கேதான் போயிருக்கும். ஓட்டுவதில் சின்னப் பிசகு வந்தால் பெரும்பாலும் மன்னிப்பார்கள், சொன்னதும் திருத்திக்கொள்கிறாளா என்றுதான் பார்ப்பார்கள். பார்த்தும் பேசாமல் இருப்பதை மன்னிக்க மாட்டார்கள்.

1977 மார்ச்சில் டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போக்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி. அதில் ஒன்றான கேஎல்எம் கம்பெனி விமானத்தின் கேப்டன் அந்தக் கம்பெனியிலேயே பெரிய தலை. அனுமதி வராமலே புறப்பட்டார். ஃபிளைட் இன்ஜினியர், எதிரே இருக்கும் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகமாகக் கேட்டார். கேப்டன் ஆமாம் என்றதும் விட்டுவிட்டார். இன்று காக்பிட்டில் சின்னவர் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் பாடத்தில் அந்த விபத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 18 லட்சம் டைப் ரேட்டிங் இதைச் சரிசெய்யாது.

மாட்டுத்தாவணி:
இப்போதுதான் என் பக்கத்துக்கு வருகிறீர்கள். அவளை வாயடைக்க வைத்தது எது? அந்தப் பையனின் இங்கிலீஷும் அவன் அப்பாவின் கேப்டன் தொப்பியும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று அடித்து வளர்க்கிற வீடு நம்முடையது. அந்த வளர்ப்புக்கும் சேர்த்துத்தான் மார்க் குறைக்கிறார்கள். இது வர்க்க விஷயம் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

வலதுசீட்:
வர்க்க விஷயமாகவே இருக்கட்டும் அண்ணே. நடுவானில் வேகம் குறையும்போது காரணம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நீங்களே உங்கள் பிள்ளையோடு பின்னால் 40ஆம் வரிசையில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வீர்கள்?

மாட்டுத்தாவணி:
குறுக்கே பேசு என்றுதான் சொல்வேன். அதை 50 லட்சம் வாங்கிய பள்ளி சொல்லித் தந்திருக்க வேண்டும் என்றும் சொல்வேன்.

வலதுசீட்:
அதில் மறுப்பு இல்லை. என் பள்ளியிலும் ஒன்றரை நாள் வகுப்போடு முடித்தார்கள்.

வட்டிக்கணக்கு:
கடன் வாங்கலாமா என்று கேட்டவருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை பாருங்கள். நான் சொல்கிறேன், வேண்டாம். எடுத்துக்கொண்ட பிறகு டைப் ரேட்டிங் செய்ய வைக்கும் கம்பெனிக்கே முயலட்டும். அதுவரை ஏதாவது பயிற்சிப் பள்ளியில் கிரவுண்ட் பாடம் எடுக்கிற வேலை கிடைத்தால் வட்டியில் பாதியாவது அடையும்.

திருமங்கலத்தான்:
ஏஜென்டுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் குரலே மாறிவிட்டது, பாவம்.

அப்புறம் இன்னொன்று. இன்று காலை அவளைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து மதுரைக்கு ஓட்டினேன். 80க்கு மேல் போனால் சொல்ல வேண்டும் என்று பேச்சு. கப்பலூர் டோல்கேட் தாண்டி 92 வரை போனேன், வாயைத் திறக்கவில்லை. திருப்பரங்குன்றம் வளைவில் நான் போனை எடுத்ததும் "மாமா, போனைக் கீழே வைங்க" என்று ஒரு அதட்டல் போட்டாள் பாருங்கள், கை தானாகக் கீழே போய்விட்டது. ஸ்பீடைத்தான் இன்னும் சொல்ல வரவில்லை. திரும்பி வரும்போது மறுபடி பார்க்கிறோம்.