கையால பண்ணுன ராக் கிராலர்: மேடு கண்டா மல்லாந்துடுது, யோசனை சொல்லுங்க

அரசலாறு ஆர்சி:
வணக்கம் மக்களே, நமக்கு கும்பகோணம் பக்கம். நிஜ வண்டியில பத்துல ஒரு பங்கு சைஸ்ல ராக் கிராலர் (பாறை மேல மெதுவா ஏறுற ரிமோட் காரு) ஒண்ணு கையாலயே பண்ணிக்கிட்டிருக்கேன், கிட் எதுவும் வாங்கல, ஃப்ளைஸ்கை கம்பெனி ரிமோட்டு, சர்வோ (ஸ்டியரிங்க திருப்புற மோட்டாரு), இஎஸ்சி (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற போர்டு), பேட்டரி இதுக்கு மட்டும்தான் காசு, மிச்சமெல்லாம் பழைய இரும்புக்கடையும் லேத் பட்டறையும் கொடுத்த வரம். சேஸி 3 மிமீ அலுமினியப் பட்டை, வீல்பேஸ் 313 மிமீ, முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் நாலு லிங்க் (ஆக்ஸில சேஸியோட சேக்குற கம்பி), லிங்க் வந்து 6 மிமீ அலுமினியக் குழாய்க்குள்ள 3 மிமீ திரெட் ராடு விட்டது. பாடி 4 இன்ச் பிவிசி பைப்ப சூடு காட்டி தட்டையாக்கி வெட்டுனேன், நல்லாவே வந்துச்சு.

மோட்டார் பழைய கார்ட்லெஸ் டிரில்லோடது, 2எஸ் லிப்போல (ரெண்டு செல் லித்தியம் பேட்டரி, 7.4 வோல்ட்) சும்மா சுத்தவிட்டா 8000 ஆர்பிஎம் கிட்ட வருது. பினியன் (மோட்டார்ல இருக்க சின்ன கியரு) 12 பல்லு, ஸ்பர் (அது சுத்துற பெரிய கியரு) 60 பல்லு, ஆக்ஸில்ல பெவல் கியர் ஒண்ணுக்கு மூணு. டயர் 110 மிமீ.

இப்ப பிரச்சனை என்னன்னா சமதரையில பறக்குது, ஆனா வீட்டு வாசல்ல கெடக்குற ரெண்டு கருங்கல்லு மேல ஏத்துனா மெதுவா போக மாட்டேங்குது, நிக்கும், கொஞ்சம் த்ராட்டில் கூட்டுனா தவ்வி மல்லாந்துடும். மோட்டாரு தொட முடியாத சூடு. ஒரு வீலு தூக்குச்சுன்னா அந்த வீலு மட்டும் அந்தரத்துல சுத்துது, மத்ததெல்லாம் வேடிக்கை பாக்குது. சரிவுல த்ராட்டில விட்டா உருண்டு வந்துடுது. மெதுவா போறப்ப ஒரு வெட்டி வெட்டி இழுக்குற மாதிரியும் இருக்கு. பெரிய மோட்டாரு போட்டா சரியாவுமா, இல்ல 3எஸ் பேட்டரிக்கு போகணுமா?

ஐயாறு லேத்து:
தம்பி, பெரிய மோட்டாரும் வேணாம் 3எஸ்சும் வேணாம், ரெண்டும் சூட்டத்தான் கூட்டும். உங்க கணக்க நீங்களே போட்டுப் பாருங்க. 60ஐ 12ஆல வகுத்தா 5, பெவல்ல 3, மொத்தம் 15க்கு 1. 8000ஐ 15ஆல வகுத்தா வீலு நிமிஷத்துக்கு 533 சுத்து. 110 மிமீ டயருக்கு சுத்தளவு 345 மிமீ, அப்ப மணிக்கு 11 கிலோமீட்டர். இது கிராலர் இல்ல, ஓட்டப்பந்தய வண்டி. கிராலரு நீங்க பக்கத்துல நடந்து போற வேகத்துலதான் போகணும், 45க்கு 1 பக்கம் வந்தா மணிக்கு மூணே முக்கா கிலோமீட்டர் ஆயிடும், இழுவையும் மூணு மடங்கு கெடைக்கும், மோட்டாரும் தெணறாது.

அதுக்கு வழி உங்க கையிலயே இருக்கு. அந்த டிரில்லோட கியர்பாக்ஸ தூக்கிப் போட்டுட்டீங்களா? உள்ள பிளானட் கியர் அடுக்கு அடுக்கா இருக்கும், ஒரே ஒரு அடுக்க மட்டும் எடுத்து மோட்டாருக்கு அடுத்து மாட்டுங்க. ரிங் கியர் பல்ல சன் கியர் பல்லால வகுத்து ஒண்ணு கூட்டுனா அதான் ரேஷியோ, ரிங்கு 48 சன்னு 12ன்னா 5 வரும். எண்ணிப் பாத்துக்குங்க. 5 வந்தா ஸ்பர 60லேந்து 36க்கு மாத்திடுங்க, 5 இன்டு 3 இன்டு 3, சரியா 45.

வெட்டி இழுக்குறது டிரைவ் ஷாஃப்ட்டுதான். ரெண்டு முனையில இருக்க யோக்கும் (கவட்டை மாதிரி இருக்குமே, அது) ஒரே தளத்துல இருக்கான்னு பாருங்க, ஒண்ணு படுத்தும் ஒண்ணு நின்னும் இருந்தா ஒவ்வொரு சுத்துலயும் வேகம் ஏறி எறங்கும். ஷாஃப்ட்டுல இருக்க பின் ஆணிய கழட்டி திருப்பி மாட்டுங்க, செலவே இல்ல.

ஒரு வீலு மட்டும் அந்தரத்துல சுத்தாம இருக்க டிஃப்பரன்ஷியல (ரெண்டு பக்க வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியரு) பூட்டிடுங்க, முன்ன பின்ன ரெண்டையும். உள்ள இருக்க சின்ன கியர்கள பித்தளைய உருக்கி பத்த வச்சு ஒட்டிட்டா தீந்துச்சு, எம்-சீல் வச்சும் அடைப்பாங்க ஆனா இந்த இழுவைக்கு அது ரொம்ப நாள் தாங்காது. வளைவுல கொஞ்சம் அகலமா திரும்பும், கிராலருக்கு அது ஒரு கொறையே இல்ல.

அப்புறம் பிவிசி சூடு பண்றது வெட்டவெளியில வச்சுக்குங்க, கருகுனா வர்ற பொகை நெஞ்சுக்கு ஆகாது.

சும்மா எட்டிப்பாக்கறவன்:
ஜி தப்பா எடுத்துக்காதீங்க, இவ்ளோ மெனக்கெடுறதுக்கு பேசாம ஒரு கிட் வாங்கிடலாமே, இல்லன்னா த்ரீடி பிரின்ட் போட்டா ஒரு ராத்திரில ஆக்ஸில் வந்துடும். அதவிட பெரிய டவுட்டு, தஞ்சாவூர் ஜில்லால பாறைக்கு எங்க போவீங்க? வயக்காட்டுல வரப்புதான இருக்கு 😀

வெளக்குப்பட்டறை வீட்டுப்புள்ள:
எட்டிப்பாக்கறவரே, பிரின்ட் போட்ட ஆக்ஸில் லேசா இருக்கும், கிராலருக்கு கீழ கனம்தான் வேணும். வெளிநாட்டுல இந்த ஹாபி பண்றவங்க காசு குடுத்து பித்தளை நக்கிளு (முன் வீலு திரும்புற மூட்டு), பித்தளை வீல் வெயிட்டுன்னு தேடி வாங்குறாங்க, நமக்கு நாச்சியார்கோயில் பக்கத்துலயே இருக்கு. குத்துவெளக்கு வார்க்குற ஊர்ல பித்தளைக்கு பஞ்சமா?

அரசலாறு அண்ணே, மல்லாந்து விழறதுக்கு கியரு பாதிதான் காரணம், மீதி எடை. பேட்டரி எங்க வச்சிருக்கீங்கன்னு சொல்லல, பின்னாடி மேலயா இருக்கும்னு நெனைக்கிறேன். அத முன் ஆக்ஸிலுக்கு மேல, எவ்ளோ தாழ முடியுமோ அவ்ளோ தாழ குறுக்கால வைங்க. மொத்த எடையில நூத்துக்கு 60 பங்காவது முன் வீல்ல விழணும், ரெண்டு சமையல் தராசு இருந்தா முன்னயும் பின்னயும் வச்சே பாத்துடலாம்.

அப்புறம் முன் வீல் ரிம்முக்குள்ள பித்தளை வளையம். வெளி விட்டம் 40, ஓட்டை 20, கனம் 10 மிமீன்னு கடைஞ்சா ஒண்ணு 80 கிராம் வரும், இதே அலுமினியத்துல 25 கிராம்தான். கடைசல் பட்டறையில துண்டு விழற பித்தளையிலயே ஆயிடும். ஸ்பிரிங்குக்கு மேல ஒரு கிராம் கூட ஏத்தாதீங்க, பாடியில ஏத்துற எடை எல்லாம் உங்களுக்கு எதிரி.

நக்கிளையே பித்தளையில வார்க்கணும்னா மரத்துல மாதிரி செதுக்கிக் குடுங்க, எங்க பக்கம் காவேரி வண்டல் மண்ணுலதான் அச்சு எடுப்போம். ஆறும்போது நூத்துக்கு ஒண்ணரை ரெண்டு சுருங்கும், அதுக்கு மாதிரிய கொஞ்சம் பெருசாவே பண்ணுங்க. பேரிங் உக்கார்ற எடத்த மட்டும் வார்ப்புல நம்பாதீங்க, அது லேத்துல கடைஞ்சாதான் நேரா வரும். ஆனா ஒண்ணு, முகூர்த்த சீசன்ல போய் கேட்டா யாரும் ஏறெடுத்தும் பாக்க மாட்டாங்க.

பொறையாறு ஓட்டி:
பாறை இல்லன்னு யாரு சொன்னா? தரங்கம்பாடி வாங்க, 1620ல டேனிஷ்காரன் கட்டுன கோட்டைக்கிட்ட கடலரிப்புக்கு கொட்டி வச்சிருக்க கருங்கல்லு போதும், ஆயுசுக்கும் ஏறலாம். அலை அடிக்கிற பக்கம் மட்டும் போவாதீங்க, பாசி வழுக்கும், வண்டி எடுக்கப் போயி நம்ம கால்தான் போகும். செம்பாறாங்கல்லு வேணும்னா வல்லம் பக்கம். மேட்டூர்ல தண்ணி விடறதுக்கு முன்னாடி காஞ்சு கெடக்குற ஆத்துலயும் ஓட்டலாம், மணலு டயருக்கு நல்ல பரீட்சை, ஆனா பேரிங்க தின்னுடும். 625 பேரிங் (5 மிமீ ஓட்டை, 16 வெளி விட்டம்) எல்லா ஊர்லயும் கெடைக்குது, ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வச்சதா கேட்டு வாங்குங்க, தகரம் மூடுனது வேணாம். கடலோரம் ஓட்டுனா அன்னைக்கே நல்ல தண்ணில கழுவி எண்ண விட்டுடணும், விட்டா மறுநாளே துரு. ரிசீவர ஒரு பலூனுக்குள்ள போட்டு வாய கட்டிடுங்க.

சரிவுல உருள்றது இஎஸ்சி விஷயம். கார் இஎஸ்சி போட்டிருப்பீங்க, கிராலருக்குன்னு வர்றதுல டிராக் பிரேக்கு இருக்கும், த்ராட்டில விட்டா அங்கயே ஆணி அடிச்சாப்ல நிக்கும். ஹாபிவிங் 1080ங்கிற இஎஸ்சில அத எவ்ளோ புடிக்கணும்னு செட் பண்ணிக்கலாம். சர்வோ 25 கிலோ போட்டிருந்தீங்கன்னா அதுக்கு தனி யூபெக் (பேட்டரி வோல்ட்ட எறக்கி நிலையா குடுக்குற சின்ன போர்டு) குடுத்துடுங்க, இல்லன்னா வீலு கல்லுல மாட்டி சர்வோ முக்கும்போது வோல்ட்டு எறங்கி ரிசீவரே அணைஞ்சுடும்.

அரசலாறு ஆர்சி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பேட்டரி பின்னாடி மேலதான் இருந்துச்சு, முன்னாடி மாத்துனதுலயே ஒரு கல்லு ஏறிடுச்சு. ஷாஃப்ட்டும் லேத்தண்ணே சொன்ன மாதிரியே ஒண்ணு படுத்து ஒண்ணு நின்னுதான் இருந்துச்சு, திருப்பி மாட்டிட்டேன், வெட்டு போயிடுச்சு. டிரில் கியர்பாக்ஸ் பரண்ல கெடக்கு, ரிங்கு 48 இல்ல 45, சன்னு 9, அப்ப ரேஷியோ 6 வருதா? முன் ஆக்ஸில் முனைக்கு யூனிவர்சல் ஜாயின்ட் எதுல பண்றது? பொம்மைக்கார்ல எடுத்தது முறிஞ்சு முறிஞ்சு போகுது.

ஐயாறு லேத்து:
ஆமா 6தான். 36 பல்லு ஸ்பரே போடுங்க, 54க்கு 1 வரும், மணிக்கு மூணு கிலோமீட்டர், கல்லு ஏற அதுவே இன்னும் நல்லது. ஜாயின்ட்டுக்கு ஹார்டுவேர் கடையில சாக்கெட் செட்டுக்கு விக்கிற கால் இன்ச் யூனிவர்சல் ஜாயின்ட் வாங்கிக்குங்க, தனியாவே கெடைக்கும், அத இந்த மோட்டாரால முறிக்க முடியாது. ஒரு பக்கம் சதுர ஓட்டை இருக்கும், அதுல 5 மிமீ ஷாஃப்ட் நிக்க புஷ் கடையணும். ஸ்டியரிங் 30 டிகிரிக்கு மேல ஒடிக்காம ஸ்டாப்பர் வைங்க. புஷ்ஷுக்கு இந்தப் பக்கம் வந்தா பட்டறைக்கு வாங்க தம்பி, ஞாயித்துக்கெழம லீவு.