பிளஸ் 2 இயற்பியலில் 61தான்: மறுகூட்டலா, மறுமதிப்பீடா? பிள்ளையை எப்படித் தேற்றுவது?

கெடிலக்கரை, கடலூர்:
மகள் ஸ்டேட் போர்டு. கணிதம், வேதியியலில் 90க்கு மேல், இயற்பியலில் மட்டும் 61. நேரே மறுகூட்டலுக்குப் போடுங்கன்னு ஒருத்தர் சொல்றார், விடைத்தாள் நகல் வாங்கிப் பாருங்கன்னு இன்னொருத்தர். எது சரி? தங்கச்சி மகன் புதுச்சேரி அரசுப் பள்ளி, அவனுக்கும் இதே முறையா? ரிசல்ட் வந்ததிலிருந்து மகள் கதவைச் சாத்திக்கிட்டே இருக்கா, சாப்பாடும் சரியா இல்லை. அதுக்கும் வழி சொல்லுங்க.

திருத்தும் டீச்சர், விருத்தாசலம்:
நகல்தான் முதல்ல. நகல் கேட்காதவங்க பின்னாடி மறுமதிப்பீடு கேட்க முடியாது. நகலுக்குப் போடும்போது அதே பாடத்துக்கு மறுகூட்டலும் சேர்த்துப் போடக் கூடாது. நகலைப் பார்த்துட்டு மறுகூட்டல், மறுமதிப்பீடு ரெண்டில் ஒண்ணு தேர்ந்தெடுக்கலாம். விண்ணப்பம் படிச்ச பள்ளி வழியாகத்தான். கடந்த ஆண்டுகளில் ஒரு பாடத்துக்கு நகல் 275 ரூபாய், மறுமதிப்பீடு 505, மறுகூட்டல் 205 (உயிரியலுக்கு மட்டும் 305). ஒப்புகைச் சீட்டைத் தொலைச்சுடாதீங்க, அதிலுள்ள விண்ணப்ப எண் இல்லாம நகலைப் பதிவிறக்க முடியாது.

61ங்கிறது எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10 சேர்ந்தது. பின்னது ரெண்டும் முழுசா வந்திருந்தா எழுத்தில் 31தான். மத்தப் பாடத்தோட ஒப்பிட்டா பெரிய இடைவெளி, பார்க்க வேண்டியதுதான்.

நகல் வந்ததும் மகளையே வினாத்தாளோட உட்கார வைங்க. எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மை பட்டிருக்கா, திருத்தாம விட்ட விடை உண்டா, உள்ளே போட்ட மதிப்பெண் முகப்புத் தாளுக்கு அப்படியே ஏறியிருக்கா, கூட்டல் சரியா: இதில் தப்பு தெரிஞ்சா மறுகூட்டல் போதும். விடைக்குறிப்புப்படி கிடைக்க வேண்டிய மதிப்பெண் கிடைக்கலைன்னா மட்டும் மறுமதிப்பீடு. அதில் மதிப்பெண் குறையவும் கூடும்.

பிள்ளைங்க வழக்கமா இழக்கிற இடங்கள் வேற. ஒரு மதிப்பெண் வினாவில் குறியீடும் விடையும் சேர்த்து எழுதணும். ரெண்டில் ஒண்ணு தப்பானாலும் பூஜ்யம்தான். ஆறு வினா எழுத வேண்டிய ரெண்டு பகுதிகளில் முறையே 24ஆம், 33ஆம் வினாக்கள் கட்டாயம். அதை விட்டுட்டு வேற ஆறு எழுதினா அஞ்சுக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். வரைபடத்தில் இரண்டு அச்சுக்கும் அளவு பெயர் குறிக்கலைன்னாலும் மதிப்பெண் பிடிப்பாங்க. ஆனா கணக்கில் சூத்திரம் எழுதாம விட்டு, மீதிப் படிகள் சரியா இருந்தா அந்தப் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. அதுக்குப் பூஜ்யம் போட்டிருந்தா தாராளமா மறுமதிப்பீடு கேளுங்க.

இன்னொண்ணு: பொறியியல் கட்ஆப் 200இல் இயற்பியல் பாதியாத்தான் ஏறும். 4 மதிப்பெண் கூடினா கட்ஆப்பில் 2. இதுக்காகக் காத்திருந்து கலந்தாய்வுப் பதிவைத் தள்ளிப் போடாதீங்க.

வில்லியனூரான்:
புதுச்சேரி முறை வேற. அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறி, 2025இல்தான் முதல் முறையா 10, 12 பொதுத்தேர்வை அதில் எழுதினாங்க. தனியார் பள்ளிகள் பலதும் இன்னும் தமிழ்நாடு பாடத்திட்டம்தான். உங்க தங்கச்சி மகன் சி.பி.எஸ்.இ. வாரியத்தின் இணையதளத்தில் தானே விண்ணப்பிக்கணும். 2025 நடைமுறைப்படி 12ஆம் வகுப்புக்கு நகல் 700 ரூபாய், அதுக்கப்புறம்தான் மதிப்பெண் சரிபார்ப்பு 500, மறுமதிப்பீடு ஒரு வினாவுக்கு 100. வினாவாரியாகக் கேட்கிறதால, வாரியமே வெளியிடும் மதிப்பீட்டுத் திட்டத்தை வச்சு எந்த வினான்னு முடிவு பண்ணிட்டுப் பணம் கட்டுங்க. ஒரு மதிப்பெண் குறைஞ்சாலும் குறைஞ்சதுதான். கடைசி நாள் தாண்டினா ஒண்ணும் செய்ய முடியாது.

கெடிலக்கரை, கடலூர்:
ரொம்ப நன்றி டீச்சர், நன்றி சார். மறுமதிப்பீட்டு முடிவு எப்படித் தெரியும்? மகள் விஷயம்தான் இன்னும் கலக்கமா இருக்கு.

திருத்தும் டீச்சர், விருத்தாசலம்:
மதிப்பெண் மாறினவங்க பதிவெண் மட்டும் பட்டியலா வரும். அதில் இல்லைன்னா மாற்றமில்லை.

பள்ளி ஆலோசகர், புதுச்சேரி:
அம்மா, நகல் வரட்டும்னு மகள் விஷயத்தில் காத்திருக்காதீங்க. இன்னைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, "சாகலாம்னு தோணுதா?"ன்னு நேரடியா கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் வந்துடாது. வாய்விட்டுச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆமான்னு சொன்னாலோ, பதிலே சொல்லாம அழுதாலோ ராத்திரி தனியா விடாதீங்க. வீட்டிலிருக்கிற பூச்சிமருந்து, மாத்திரைகளைப் பூட்டி வைங்க. 14416 டெலிமானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. நேரில் காட்டணும்னா கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, இல்லைன்னா கோரிமேடு ஜிப்மர் மனநலப் பிரிவு.

சொந்தக்காரங்க மார்க் கேட்டுப் போன் பண்ணினா நீங்களே எடுத்து, "அப்புறம் சொல்றோம்"னு வச்சிடுங்க. அவ கையில் கொடுக்காதீங்க. "அவன் எவ்வளவு, இவள் எவ்வளவு"ங்கிற பேச்சு வீட்டில் வேண்டவே வேண்டாம்.

மார்க் மட்டும்தான் காரணம்னு முடிவு கட்டிடவும் வேண்டாம். பள்ளியில் யாராவது தொந்தரவு கொடுத்ததா சொன்னா, முதல்ல நம்புங்க, குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்க. பாலியல் தொந்தரவுன்னா போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி தெரிஞ்சவங்க போலீஸுக்குச் சொல்லியே ஆகணும். பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்க யாருக்கும் உரிமை கிடையாது.