மாவோரி வரவேற்பில் மூக்கோடு மூக்கு வைப்பதைத் தவிர்க்கலாமா?

வினா: கயல்
அடுத்த மாதம் நியூசிலாந்தின் வெலிங்டனில் ஓர் அலுவலகத்தில் பணியில் சேரவிருக்கிறேன். முதல் நாளன்று புதியவர்களுக்கு அந்நாட்டுப் பழங்குடியினரான மாவோரிகளின் முறைப்படி போஃபிரி என்னும் வரவேற்பு நடைபெறும் என்றும், அதில் மூக்கோடு மூக்கு வைக்கும் ஹோங்கி உண்டு என்றும் தெரிவித்திருக்கிறார்கள். ஆடவருடன் கைகுலுக்கவே தயங்கும் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு, முன்பின் அறியாதவர்களின் முகத்தை அவ்வளவு நெருங்குவது சங்கடமாக இருக்கிறது. விலகிக்கொண்டால் அவமதிப்பாகக் கருதுவார்களா?

மறுமொழி: தென்திசை
மூக்கை உரசுவார்கள் என்று பலர் எண்ணுவது சரியன்று. வலக்கையைப் பற்றிக்கொண்டு, மூக்கையும் பல இடங்களில் நெற்றியையும் மெல்லப் பொருத்தி, ஒரு மூச்சு நேரம் நின்று விலகுவார்கள், அவ்வளவுதான். தானே என்னும் தெய்வம் மண்ணால் முதல் பெண்ணான ஹினேஅஹுஒனேயை வடித்து, அவளுடைய நாசியில் மூச்சை ஊதி உயிர் தந்ததாக அவர்களுடைய தொன்மம் கூறுவதால், ஹோங்கியை உயிர்மூச்சைப் பகிர்வதாகவே கொள்கிறார்கள். அதன்பின் நீங்கள் விருந்தினர் அல்லர், அவ்விடத்து மக்களுள் ஒருவர். முற்காலத்தில் அப்படி ஏற்கப்பட்டவருக்குக் குமரா கிழங்குத் தோட்டத்து வேலையிலும், தேவைப்பட்டால் போரிலும் பங்கு இருந்ததாம். உங்களுக்கு அலுவலக வேலை மட்டும்தான், அஞ்ச வேண்டாம்!

மறுமொழி: அலைவாய்
கயல் அவர்களே, தாராளமாகத் தவிர்க்கலாம். நெருங்கும்போதே வலக்கையைச் சற்று நீட்டிப் பிடித்தால் குறிப்பறிந்து கைகுலுக்கலோடு நிறுத்திக்கொள்வார்கள்; முன்னதாகவே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. சளி இருந்தால் அவசியம் சொல்லுங்கள். 1918ஆம் ஆண்டு இன்ஃபுளுவென்சாவில் ஏறத்தாழ 2,500 மாவோரிகளை இழந்த சமூகம் அது. 2020 மார்ச்சில் கொரோனா பரவத் தொடங்கியபோது, மாவோரிக் குலங்கள் சில தாமாகவே ஹோங்கியை நிறுத்திவைத்தன.

மறுமொழி: முல்லைநிலம்
மேலே கூறியவற்றோடு ஒன்று. சில குலத்தார் ஒருமுறையும் சிலர் இருமுறையும் மூக்கைப் பொருத்துவதால், எதிரே நிற்கும் மூத்தவரின் போக்கிலேயே விட்டுவிடுங்கள். உண்மையில் நீங்கள் பயிற்சி செய்ய வேண்டியது பாட்டைத்தான். வருவோர் தரப்பில் ஒருவர் பேசி முடித்ததும், அவருக்குத் துணையாக நீங்கள் அனைவரும் எழுந்து வைஅத்தா என்னும் பாடலைப் பாட வேண்டியிருக்கும். எந்தப் பாடல் என்று இப்போதே கேட்டு வையுங்கள். இறுதியில் பரிமாறும் உணவைத் தவிர்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். சடங்கின் ‘தபு’ (tapu), அதாவது புனிதக் கட்டுப்பாடு, உண்ட பிறகே நீங்குவதாகக் கருதுகிறார்கள். சைவம் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.